கொடி இறங்கியது! துளைக் கணக்கு யாரிடம்?

2023 ஜூலை 26. நைஜர் நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், நம் இளைஞர்களின் முகத்தில் பெருநாள் களை!

"பிரான்ஸைத் துரத்திட்டாங்க பாய்! இனிமே யுரேனியம் எல்லாம் அவங்களுக்குத்தான்!"

நைஜீரியாவா, நைஜரா என்றுகூடச் சரியாகத் தெரியாதவர்கள் எல்லாம் கைப்பேசியில் கொடி எரியும் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். டீக்கடையில், ஜவுளிக்கடைத் திண்ணையில், எங்கும் இதே பேச்சு.

பிரெஞ்சுப் படை அந்த ஆண்டு டிசம்பரில் மூட்டை கட்டியது. அதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் வடிக்கப் போவதில்லை. ஆனால் சகோதரர்களே, கொண்டாட்டத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பாலைவனத்தின் அடியில் எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்ற கணக்கை எழுதியவன் யார்? அந்த நோட்டு யாரிடம் இருந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போடுகிற கோஷம் வெறும் கோஷம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

தராசும் அவனுடையது, படிக்கல்லும் அவனுடையது!

நம் ஊரில் தண்ணீருக்குப் போர்வெல் போடுகிறோம். நீரோட்டம் பார்க்கிறவர் வந்து இடம் காட்டுகிறார். லாரி வந்து துளை போடுகிறது. எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஈரம் என்பதை வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் விவரம் அவருக்குத் தெரியும்.

இப்போது வேறு மாதிரி நினைத்துப் பாருங்கள். உங்கள் நிலத்தில் வெளியூர்க்காரன் வந்து நூறு துளை போடுகிறான். உங்களைக் கிட்டே விடவில்லை. எல்லாத் துளையின் கணக்கையும் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிறகு ஒரு நாள் வந்து, "உங்கள் நிலம் பரவாயில்லை ரகம்தான், இந்த விலைக்குக் கொடுங்கள்" என்கிறான். வியாபாரிகளே, அந்த விலையை நீங்கள் எப்படிப் பேரம் பேசுவீர்கள்? சரக்கு உங்களுடையது. சரக்கைப் பற்றிய விவரம் முழுவதும் வாங்குகிறவனிடம்!

நைஜரில் நடந்தது இதுதான்.

யுரேனியம் தேடுவது எப்படி என்று தெரிந்துகொண்டால் இந்தச் சூது விளங்கும். யுரேனியம் மண்ணுக்குள் சும்மா கிடப்பதில்லை. அது சிதைந்து வேறு வேறு பொருளாக மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படி உண்டாகும் பொருள்களில் சில, காமா கதிரை வீசுகின்றன. அந்தக் கதிரைப் பிடிக்கும் மானியை விமானத்தில் கட்டித் தாழப் பறப்பார்கள். ஜீப்பில் வைத்து ஓட்டுவார்கள். கையில் பிடித்துக்கொண்டும் நடப்பார்கள். மானி எங்கே துள்ளுகிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு புள்ளி.

ஆனால் அந்தக் கதிருக்கு மண்ணைத் துளைத்து வரும் சக்தி அதிகமில்லை. மேலே கிடக்கும் அரை மீட்டர் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது விமானத்துக்குத் தெரியாது. அதனால் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பாறை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பார்கள். காந்த அளவு எடுப்பார்கள். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளப்பார்கள். இவை எல்லாம் பாறையின் வெடிப்பு எங்கே, மடிப்பு எங்கே என்று காட்டும். கடைசியில் துளைதான் பேசும். கட்டம் போட்டு, வரிசை வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் மானியைக் கயிற்றில் இறக்கி, அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்வார்கள். சில துளைகளில் பாறையை உருளை உருளையாக வெளியே எடுத்துப் பெட்டியில் அடுக்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

நைஜரின் அகூட்டா சுரங்கத்தில் தாது கிடந்தது சுமார் 250 மீட்டர் ஆழத்தில். மேலே நின்று பார்த்தால் மணல்தான். ஒட்டகம் மேய்க்கும் துவாரேக் சகோதரனுக்குத் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? துளை போட்டவன் சொன்னால்தான் தெரியும். அவன் சொல்லவில்லை!

இப்னு பதூதா பார்த்த ஊர்

ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1353ல் இப்னு பதூதா சஹாராவைக் கடந்து திரும்பும் வழியில் தக்கத்தா என்ற ஊரில் தங்கினார். அங்கே செம்புச் சுரங்கம் இருந்தது. மக்கள் மண்ணைத் தோண்டி, வீட்டிலேயே உருக்கி, செம்புக் கம்பிகளாக்கி வியாபாரம் செய்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். சுரங்கத்தின் மேல் ஓடிவருவதால் அந்த ஊர்த் தண்ணீரின் நிறமும் ருசியும் மாறியிருந்தது என்பதையும் அவர் விடவில்லை. பயணி என்றால் அவரல்லவா பயணி! செம்பைப் பார்த்த கண்ணால் தண்ணீரையும் பார்த்தார்.

அந்தத் தக்கத்தா, இன்றைய நைஜரின் அஸெலிக் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அதே அஸெலிக்கில்தான் 1950களின் பிற்பகுதியில் பிரெஞ்சு நிலவியலாளர்கள் செம்பைத் தேடிப் போனார்கள். கிடைத்தது யுரேனியத்தின் தடயம். பிரான்ஸுக்கு அப்போது அணுகுண்டு ஆசை தலைக்கேறியிருந்த நேரம். பிரெஞ்சு அணுசக்தி ஆணையம் மானிகளோடும் துளைக் கருவிகளோடும் ஏயிர் மலையின் மேற்குப் பக்கம் இறங்கியது.

1960 ஆகஸ்ட் 3 அன்று நைஜர் விடுதலை பெற்றது. கொடி ஏறியது, கீதம் ஒலித்தது. எட்டே மாதம்! 1961 ஏப்ரலில் பிரான்ஸ் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. அதன் இணைப்பில் யுரேனியம், தோரியம், லித்தியம் என்று பெயர் பெயராகப் பட்டியல். அந்தப் பொருள்களைப் பற்றிய கொள்கையை நைஜர் பிரான்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பதானால் முதலில் பிரான்ஸுக்கு. நைஜர் மக்களுக்குத் தங்கள் மண்ணில் யுரேனியம் இருக்கிறது என்பதே சரிவரத் தெரியாத காலத்தில், அதை யாருக்கு விற்க வேண்டும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். தேடியவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

1960களின் நடுவில் அர்லிட் படிவு உறுதியானது. 1968ல் சொமைர் கம்பெனி. 1971ல் உற்பத்தி. அடுத்தது அகூட்டாவில் கொமினாக். பாலைவனத்தில் ஒரு நகரமே முளைத்தது. 'குட்டிப் பாரிஸ்' என்று செல்லப் பெயர் வேறு!

1974ல் அதிபர் ஆமானி டியோரிக்குத் தைரியம் வந்தது. பெட்ரோல் விலை ஏறிவிட்டது, யுரேனியத்துக்கும் நல்ல விலை கொடுங்கள் என்று பிரான்ஸிடம் பேச்சு நடத்தினார். பேச்சு முடியவில்லை. ஏப்ரல் 15ல் இராணுவப் புரட்சி. டியோரி சிறையில்! பிரெஞ்சுப் படை அப்போது நைஜரில்தான் முகாமிட்டிருந்தது. கூப்பிட்டால் வரும் நண்பனாக இருந்த அந்தப் படை அன்று அசையவில்லை.

ஒரே அடியில் 27,300லிருந்து 40,000!

விவரம் ஒருவன் கையிலேயே இருந்தால் என்ன ஆகும், இன்னொருவன் துளை போட வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007ஐப் பாருங்கள். உலகச் சந்தையில் யுரேனியம் பவுண்டுக்கு 130 டாலரைத் தாண்டியது. சீனா வந்தது, கனடாக் கம்பெனிகள் வந்தன, நம் மும்பையிலிருந்தும் ஒரு கம்பெனி போய்த் தேடும் உரிமம் வாங்கியது. அதுவரை கிலோவுக்கு 27,300 பிராங்க் கொடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கம்பெனி, அந்த ஆண்டு 40,000 கொடுக்க ஒப்புக்கொண்டது. பூமிக்கடியில் யுரேனியம் கூடிவிட்டதா? இல்லையே! பக்கத்தில் வேறு மானிகள் நடமாடத் தொடங்கின. சந்தையும் சூடாக இருந்தது. கை தானாக இறங்கி வந்தது.

இதைக் கேட்டு நைஜர் ஆட்சியாளர்களைப் புகழ நினைப்பவர்கள் பொறுங்கள். அந்த ஆட்சியாளர்கள் செய்தது என்ன? நூற்றுக்கும் மேற்பட்ட தேடல் உரிமங்களை வாரி இறைத்தார்கள். வரைபடத்தில் அவை அழகான கட்டங்கள். தரையில் அவை துவாரேக்குகளின் மேய்ச்சல் நிலம், கிணறு, ஒட்டகப் பாதை. மழைக்காலம் முடிந்ததும் உப்பு நிலத்தில் மேய்க்க மந்தைகள் கூடுகிற இங்கால் வட்டாரமும் இந்தக் கட்டங்களுக்குள் வந்தது. மேய்ப்பவனிடம் யார் கேட்டார்கள்? 2007ல் வடக்கே ஆயுதக் கிளர்ச்சி வெடித்தபோது முதலில் தாக்கப்பட்டவற்றில் ஒன்று இமூராரெனில் இருந்த தேடல் முகாம். ஆயுதத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் கோபம் ஏன் சுரங்கத்தில் தொடங்காமல் துளைக் கருவியில் தொடங்கியது என்று யோசிக்க வேண்டாமா?

சுரங்க வருமானத்தில் 15 சதவீதம் அந்தந்தப் பகுதிக்கு என்று சட்டம் எழுதியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் எதற்குப் 15? மொத்தம் எவ்வளவு என்று கணக்கு வைத்திருப்பவன் சொல்வதற்குப் 15!

இமூராரென் கதையே ஒரு பாடம். 1966ல் கண்டுபிடித்தார்கள். உலகின் மிகப் பெரிய யுரேனியப் படிவுகளில் ஒன்று. தாதுவின் ரகம் குறைவு. ஒரு டன் பாறைக்கு ஒரு கிலோகூடத் தேறாது. அதனால் அந்தக் கல் தாதுவா, வெறும் கல்லா என்பதைச் சந்தை விலைதான் தீர்மானிக்கும். நாற்பது ஆண்டுகள் அதைப் படுக்க வைத்தார்கள். 2009ல் அரேவாவுக்கு உரிமம். அதிபர் சர்க்கோசியே நியாமிக்கு விமானம் ஏறினார். 2012ல் உற்பத்தி என்றார்கள். 2011ல் ஜப்பானின் ஃபுகுஷிமா உலை வெடித்தது, விலை சரிந்தது, மீண்டும் போர்வை போர்த்திவிட்டார்கள். தோண்டவும் மாட்டான், விடவும் மாட்டான்! தன் கடையைத் திறக்காமல், பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்துப் பூட்டி வைக்கும் வியாபாரியை நாம் பார்த்ததில்லையா? 2024 ஜூனில்தான் நைஜர் அந்த உரிமத்தைப் பறித்தது.

தேட மானி உண்டு, தெருவை அளக்க இல்லை!

என்னை மிகவும் கொதிக்க வைப்பது இதுதான். யுரேனியம் எங்கே என்று தேட நாற்பது ஆண்டுகளாக மானியோடு அலைந்தவர்கள், அதே மானியை அர்லிட் ஊர்த் தெருவில் வைத்துப் பார்க்க மக்களுக்கு வழி விடவில்லை. 2003 டிசம்பரில் கிரிராட் என்ற சுயேச்சையான பிரெஞ்சு ஆய்வுக்கூடத்தார், உள்ளூர் மக்கள் அழைத்ததன் பேரில் அளக்க வந்தார்கள். நியாமி விமான நிலையத்திலேயே அவர்களுடைய கருவிகள் பறிபோயின! கதிரியக்கத்துக்குத் தடை இல்லை. அதை அளக்கும் பெட்டிக்குத் தடை.

பிறகு 2009ல் கிரீன்பீஸ் போய் அளந்தது. சுரங்க நகரமான அக்கோகனின் தெருக்களில் சில இடங்களில் இயல்பைப் போல ஏறக்குறைய 500 மடங்கு கதிர்வீச்சு என்று அறிக்கை கொடுத்தது. சுரங்கக் கழிவுக் கல்லைப் போட்டுத் தெருவை நிரவியிருந்தார்கள். எடுத்த ஐந்து தண்ணீர் மாதிரிகளில் நான்கில் யுரேனியம் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருந்தது. 1353ல் ஒரு பயணி நாக்கால் கண்டுபிடித்ததை இன்று கண்டுபிடிக்க நாக்கு போதாது. நிறமும் மாறாது, ருசியும் மாறாது.

நம்மில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் சகோதரர்கள் ஏராளம். அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அர்லிட் சந்தையில் சுரங்கத்திலிருந்து வந்த பழைய இரும்பு விற்பனைக்குக் கிடந்தது. மானி வைத்துப் பார்த்தால் இயல்பைவிட 50 மடங்கு வரை கதிர்வீச்சு. அதை வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் என்ன தெரியும்? கிலோ என்ன விலை என்பது தெரியும். அதில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. வீட்டுப் பாத்திரமாகவும் கதவாகவும் அது எத்தனை வீட்டுக்குள் போயிருக்கும்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2003 ஜனவரியில் புஷ், சதாம் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றார் என்று உலகத்தின் முன்னால் பேசினாரே, அந்த ஆப்பிரிக்க நாடு இதே நைஜர்தான். அதற்கு ஆதாரமாகக் காட்டிய தாள்கள் போலி என்று மார்ச்சில் சர்வதேச அணுசக்தி முகமையே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே விசாரிக்கப் போயிருந்த முன்னாள் அமெரிக்கத் தூதர் வில்சன், சுரங்கங்களை நடத்துவது பிரான்ஸும் அதன் கூட்டாளிக் கம்பெனிகளும்தான், அரசு ரகசியமாக விற்க இடமே இல்லை என்று சொல்லியிருந்தார். கவனித்தீர்களா? நைஜர் அரசால் தன் சொந்த யுரேனியத்தை ஒளித்து விற்கக்கூட முடியாது என்பதுதான் நைஜருக்கான சாட்சியம்! கணக்கு நோட்டு யாரிடம் என்று நான் கேட்ட கேள்விக்கு ஓர் அமெரிக்கர் பதில் சொல்லிவிட்டார். ஆனாலும் இராக் மீது குண்டு விழுந்தது.

"வெறும் ஆய்வுதானே பாய்!"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. துளை போட்டுப் பார்ப்பதில் என்ன கெடுதல், தோண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நைஜர் தூரம் என்றால் நம் நாட்டுக்குள்ளேயே வாருங்கள். தெலுங்கானாவின் நல்லமலைக் காட்டில், அம்ராபாத் புலிகள் காப்பகப் பக்கம், 83 சதுர கிலோமீட்டரில் 4,000 துளை போட்டு யுரேனியம் தேடும் திட்டத்துக்கு 2019 மே மாதம் மத்திய அரசின் வன ஆலோசனைக் குழு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. அப்போதும் சொன்னார்கள், ஆய்வு மட்டும்தான் என்று. 4,000 துளைக்கு லாரி போக வேண்டும், லாரிக்குப் பாதை வேண்டும், பாதைக்கு மரம் விழ வேண்டும். துளையை ஒழுங்காக அடைக்காவிட்டால் மேல் ஊற்றும் கீழ் ஊற்றும் கலக்கும். அங்கே வாழும் செஞ்சு பழங்குடி மக்கள் சுரங்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மானி வரும்போதே எழுந்தார்கள். மாநிலமே கூட எழுந்தது. செப்டம்பரில் தெலுங்கானா சட்டமன்றம் யுரேனியம் தேடவும் கூடாது, தோண்டவும் கூடாது என்று தீர்மானம் போட்டது.

நைஜரின் மேய்ப்பர்களுக்கு அந்த வாய்ப்பு ஒரு நாளும் கிடைக்கவில்லை. அவர்கள் விழித்தபோது சுரங்கம் நின்றது.

யுரேனியத்தை மண்ணிலேயே புதைத்து வைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டால், அதைத் தீர்மானிக்க நான் யார்? அந்த மண்ணின் மக்கள் தீர்மானிக்கட்டும். நைஜரில் இன்றும் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம். பிரான்ஸில் எரியும் மூன்று விளக்கில் ஒன்று நைஜருடையது என்று மேடையில் முழங்குகிறோமே, அது மிகை. 2023க்கு முந்தைய ஆண்டுகளில் பிரான்ஸ் வாங்கிய யுரேனியத்தில் நைஜரின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியதுதான். உண்மையே போதுமான அளவு அசிங்கமாக இருக்கும்போது மிகைப்படுத்துவானேன்?

இப்போது நியாமியில் இருப்பவர்களிடம் வருகிறேன். 2025 ஜூனில் சொமைர் சுரங்கத்தை நாட்டுடைமை ஆக்கினீர்கள். 63 சதவீதப் பங்கு வைத்திருந்த பிரான்ஸின் ஓரானோ கம்பெனி நீதிமன்றம் ஏறி நிற்கிறது, நிற்கட்டும். சரி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதமே ரஷ்யாவின் ரோஸாட்டத்தோடு கையெழுத்துப் போட்டீர்களே, அதைப் பற்றிப் பேசுவோம். அகூட்டாச் சுரங்கம் 2021 மார்ச்சில் மூடப்பட்டது. சுமார் 75,000 டன் யுரேனியம் போய்விட்டது, சுமார் 2 கோடி டன் கழிவு ஊர்ப்பக்கத்தில் மேடாக நிற்கிறது. பாரிஸ்காரன் விட்டுப்போன அந்த மேட்டுக்குப் பக்கத்தில் மாஸ்கோக்காரன் புதிய துளை போட வந்தால், அவன் மானியின் பதிவில் முதல் பிரதி எந்த ஊருக்குப் போகும்? வெளியே எடுத்த பாறை உருளைகள் எந்த நாட்டுப் பெட்டியில் அடுக்கப்படும்? அர்லிட் மக்கள் தங்கள் கிணற்றைத் தாங்களே அளக்க ஒரு மானியாவது வாங்கிக் கொடுத்தீர்களா? ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் வரி இருக்கிறதா? இருந்தால் ஹவுசா மொழியிலும் துவாரேக் மொழியிலும் அச்சடித்து அர்லிட் சந்தையில் ஒட்டுங்கள்!